காத்திருப்புப் பட்டியலில் ஏழாவது பெயர்

அந்தத் தனியார் மருத்துவமனையில் மாடிப்படிக்குக் கீழே இருந்தது எக்ஸ்ரே அறை. பதினோரு வருடமாக அங்கே வேலை பார்த்தவளை டாக்டர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க... ம், விடுங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது சொல்வாள். முப்பத்து நான்காவது வயதில் அரசு மருத்துவமனை வேலைக்குத் தேர்வு எழுதினாள். அதற்குப் பிறகு அவள் பிடித்த மூச்சை விடச் சொல்லத்தான் ஆள் இல்லை.

தேர்வு முடிவு வரவே ஒன்றரை வருடம் ஆயிற்று. அடுத்தது சான்றிதழ் சரிபார்ப்பு. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரியும், படிப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து கூடுதலாகவும் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்க நான்கு நாள் அலைந்தாள்.

"செத்துப்போன மனுஷனைக்கூட விடாம விசாரிக்கிறாங்க" என்றாள் அம்மா.

சரிபார்ப்பு வரிசையில் முன்னால் நின்றவளும் எக்ஸ்ரே எடுப்பவள்தான், பக்கத்து ஊர்க்காரி. ஆறு மணி நேரம் ஒன்றாக நின்றதில் சிநேகிதம் ஆகிவிட்டது. பட்டியல் வந்தபோது இரண்டு பேருமே காத்திருப்போரில் இருந்தார்கள். அவள் ஆறாவது, இவள் ஏழாவது. அன்றிலிருந்து அவள் 'ஆறு', இவள் 'ஏழு'.

பள்ளி வேன் ஓட்டும் கணவன் வேலை முடிந்து வந்ததும் கேட்பான். "என்ன, ஆறு நகர்ந்துச்சா?"

"தேங்கிக் கிடக்கு" என்பாள் இவள்.

உண்மையிலேயே தேங்கித்தான் கிடந்தது. யாரோ வழக்குப் போட்டார்கள், பட்டியல் மொத்தமும் நின்றது. மாதம் ஒருமுறை லீவு சொல்லிவிட்டு தேர்வு அலுவலகத்துக்குப் போவாள். குமாஸ்தா தலை நிமிராமலே, "கேஸ் முடியட்டும்மா" என்பார். வாசல் காவலாளி மட்டும், "வந்துட்டீங்களா" என்று சொந்தக்காரரைப் போல விசாரிப்பார். வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். வீடு மாற்றலாமா? ஆர்டர் வரட்டும். மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? ஆர்டர் வரட்டும். மாமியார் ஒரு நாள், "கிணத்துல கல்லைப் போட்டுட்டு எட்டிப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கா" என்றார். சொன்னதில் தப்பில்லை என்றுதான் இவளுக்கும் பட்டது.

நான்காவது வருடம் வழக்கு முடிந்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரை இரண்டே மாதத்தில் வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஓர் இடம். அது ஆறுக்கு வந்தது. ஆனால் ஆறு அதற்குள் கணவனோடு சேர்ந்து சொந்தமாக ஒரு சின்ன ஸ்கேன் சென்டர் திறந்திருந்தாள். "வந்தாலும் போகமாட்டேன் ஏழு, உனக்குத்தான்" என்று போனில் பல தடவை சொல்லியிருந்தாள்.

குமாஸ்தா விளக்கினார். "அவங்க வேண்டாம்னு எழுத்துல குடுத்தாதான் உங்களுக்கு வரும். மாசக் கடைசியோட பட்டியல் காலாவதி. அப்புறம் அந்த இடத்தை அடுத்த தேர்வுக்குக் கொண்டு போயிடுவாங்க." அடுத்த தேர்வுக்கு இவளுக்கு வயது தாண்டியிருக்கும்.

எட்டு நாளாக ஆறு போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

ஸ்கேன் சென்டரில் புதுப் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. வெளி பெஞ்சில் ஒரே ஒரு நோயாளி. ஆறு உள்ளறைக்குக் கூட்டிப்போய் மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். ஆர்டரும் அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளும் இருந்தன.

"தினமும் எழுதணும்னுதான் உக்காருறேன். அப்பா சாப்பிடாம அடம்பிடிக்கிறார். கவர்மெண்ட் வேலையைக் காலால எட்டி உதைக்கிறியான்னு கேக்குறார். இங்க கூட்டமும் அவ்வளவா இல்ல. அவர் சொல்றது சரியோன்னு எனக்கே தோணுது."

"அப்போ போய்ச் சேரு."

"இதை யார் பார்த்துப்பா? என் வீட்டுக்காரருக்கு மெஷின் தெரியாது."

"அப்போ எழுதிக் குடு."

ஆறு நிமிர்ந்து பார்த்தாள். "நீ உனக்காகத்தானே வந்திருக்க?"

"ஆமா, எனக்காகத்தான் வந்தேன்" என்றாள் இவள். பொய் சொல்லத் தெம்பில்லை. "வேணும்னா எடுத்துக்கோ, எனக்கு வருத்தம்தான், ஆனா எடுத்துக்கோ. வேண்டாம்னா குடு. இழுப்பறையில போட்டு மட்டும் வெச்சிடாதே. ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிடும்."

வெளியே நோயாளி இருமினார். "ஆள் காத்துக்கிட்டிருக்கு" என்று எழுந்து போன ஆறு திரும்பி வரவில்லை. இவள் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் அழுகை வரும் என்று நினைத்தாள். தூக்கம்தான் வந்தது.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அலுவலகத்திலிருந்து போன். "ஏழாவது நம்பர் நீங்கதானே? நாளைக்கே வந்து ஆர்டர் வாங்கிக்குங்க."

வேண்டாம் என்ற கடிதத்தை ஆறு எப்போது கொடுத்தாள், அப்பாவிடம் என்ன சொன்னாள் என்று எதுவும் தெரியாது. நன்றி சொல்ல இவள் போட்ட போனை ஆறு எடுக்கவில்லை.

புது மருத்துவமனை இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். முதல் நாள் கையெழுத்துப் போட்டபோது மேலாளர், "சந்தோஷமாம்மா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றாள். ஒன்பது மணிக்கே நாற்பது பேர் நின்றார்கள். வேலை பழைய வேலைதான். சாயங்காலம் வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். மாமியார் யாரையும் எழுப்ப விடவில்லை. "நாலு வருஷத் தூக்கம், தூங்கட்டும்" என்றார்.

ஞாயிறுதோறும் ஆறுக்கு ஒரு தடவை போன் செய்து பார்த்தாள். ஐந்தாவது ஞாயிறு மறுமுனையில் குரல் கேட்டது. கூட்டம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்றாள் அவள். அப்பா இன்னும் சரியாகப் பேசுவதில்லையாம். இவள் பஸ் நெரிசலைச் சொன்னாள். கடிதத்தைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை.

"சரி, வெக்கிறேன். ஆள் வந்திருக்கு" என்றாள் அவள்.

"சரி, பாரு" என்றாள் இவள்.