காசிமேட்டுக் காக்கையின் இறக்கை

ரீட்டா அம்மா, மன்னிக்க வேண்டும். உங்கள் மகள் ஜெசிந்தாவைப் பற்றி எழுத அவளுடைய அண்ணன் இருக்கிறார், மாதா கோயில் இளைஞர் குழு இருக்கிறது. நான் தண்டையார்பேட்டை அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி, அவ்வளவுதான். இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னபோது பின்வரிசைக்குப் போய் நின்றுகொண்டேன். அதனால் எழுதுகிறேன்.

அவள் எண்ணிலிருந்துதான் அழைப்பு வந்தது. யாரோ ஒருவர், காசிமேட்டைத் தாண்டி டிரெய்லர் லாரி மோதிவிட்டது, ஸ்கூட்டியில் வந்த பெண் அந்த இடத்திலேயே இறந்துவிட்டாள் என்றார். "இல்லீங்க, அவ இன்னிக்கு வஞ்சிரக் கொழம்பு கொண்டாறேன்னு சொல்லியிருக்கா" என்றேன். சொன்னால் அவர் திருத்திக்கொள்வார் என்று நினைத்தேன் போலிருக்கிறது. இன்றுவரை என் பதில்தான் சரியென்று படுகிறது.

போன வருடம் என்னை காஸ்ப்ளே விழாவுக்கு இழுத்துப் போனாள். கார்ட்டூன், வீடியோ கேம் பாத்திரங்களைப் போல உடையணிந்து வரும் பெரிய கூட்டம். நாங்கள் வேடிக்கை பார்க்க மட்டும். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்; அங்கேயும் ஓரமாக நின்றே பட்டம் வாங்கினேன். இங்கும் ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டேன்.

"இன்னாடி, தூண் வேசம் போட்டுகினு வந்தியா?" என்றாள்.

அருகில் போன பெண்ணின் நரிவாலைத் தொடப் போனேன். ஜெசிந்தா பட்டென்று என் கையில் தட்டினாள். "கேட்டுட்டுத் தொடு. மாசக்கணக்கா ஒக்காந்து செஞ்சிருப்பாங்க. இங்க அதான் மரியாதி."

பிறகு தகரப் பெட்டிபோல நின்ற ஒரு ரோபோவிடம் போனாள். "அண்ணே, உள்ள மூச்சு வுட முடியுதா?"

"வேர்வை ஆறா ஓடுது. ராயபுரமா நீ? பேச்சே சொல்லுதே. நான் கொருக்குப்பேட்டை!" என்றது ரோபோ. ஸ்ட்ரா போட்டு அதற்குத் தண்ணீர் குடிக்க வைத்தாள்.

திரும்பி வரும்போது, அடுத்த வருடம் தானும் வேடம் போடுவதாகச் சொன்னாள். எந்தக் கதையில் வருவது என்று கேட்டேன். "கதையெல்லாம் இல்ல. நம்ம காசிமேட்டுக் காக்கா. மீன் திருடுமே, அது." அன்றிலிருந்து, எங்கள் அலுவலகக் குடோனில் தூக்கிப் போடும் பேக்கிங் ஃபோமைக் கேட்டு வாங்கி, வெட்டி, கறுப்படித்து இறக்கை செய்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடிந்துவிட்டது.

அடக்கத்தன்று, மணமாகாத பெண் என்பதால் வெள்ளைக் கல்யாண கவுன் உடுத்தி, தலையில் கிரீடம்போல் பூ முடி வைத்துச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். அது உங்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியாது. நல்ல வேசம், எழுந்ததும் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். பூ முடி புருவத்தின்மேல் சரிந்திருந்தது. நிமிர்த்திவைக்கக் கை நீட்டினேன். கேட்கவில்லையே என்று கையை இழுத்துக்கொண்டேன்.

அன்று என் கையில் விழுந்த அந்தத் தட்டல் மட்டும்தான் அவளிடமிருந்து என்னிடம் இருக்கிறது.

ரீட்டா அம்மா, பரணைக் காலி செய்யப்போவதாக அண்ணன் சொன்னார். அந்த இறக்கையைப் பழைய சாமானில் போட்டுவிடாதீர்கள். இன்னொரு பக்கத்தை நான் செய்து முடிக்கிறேன். இந்த வருட விழாவில் தூணைவிட்டு நடுவே வந்து நிற்கிறேன். அவள் சொன்ன மரியாதைப்படி தொடுவதற்கு முன் கேட்கிறேன்: அதை நான் போட்டுக்கொள்ளலாமா?