மாப்பிள்ளைக்கு வெயில்

கார் கண்ணாடிகளுக்கு வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுவதுதான் அவர் தொழில். குமிழி விழாமல் ஒட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடை ஓய்ந்த நாட்களில் கை சும்மா இருக்காது. வீட்டு ஜன்னல்கள், அலமாரிக் கதவு, கடைசியில் மைக்ரோவேவ் வரை ஒட்டிவிட்டார். அவர் மனைவி பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் காய் நறுக்குவாள்.

மேல்படிப்புக்கு வெளியூர் போன மகள், தான் வளர்த்த தாடி ஓணானைத் தொட்டியோடும் விளக்கோடும் இவர்களிடம் விட்டுப்போனாள். நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்து, சாப்பாடு வந்தால் மட்டும் கண் திறந்ததால், மனைவி அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள். மரியாதையும் தானாக வந்துவிட்டது. விளக்கு ஃபியூஸ் போனதும், ஜன்னல் இருக்கும்போது எதற்கு இன்னொன்று என்று இவர் தொட்டியை ஜன்னலோரம் நகர்த்திவிட்டார்.

சில வாரங்களில் மாப்பிள்ளைக்குக் கால் நடுங்கியது. புழுவைக் கவ்வினால் தாடை வளைந்தது. கால்நடை மருத்துவர் தாடையை அழுத்திப் பார்த்தார். வெயிலில் எலும்புக்கு வேண்டிய கதிரைச் சாதாரணக் கண்ணாடியே தடுத்துவிடும், அதன்மேல் ஃபிலிம் வேறா என்று கேட்டார். இவருக்கு வருத்தத்தைவிடப் பெருமை முந்திக்கொண்டது.

"அப்போ ஒரு துளிகூட உள்ள வரலையா, டாக்டர்?"

"பெருமைப்படாதீங்க சார். அதோட எலும்பு ரப்பரா ஆகிட்டிருக்கு."

வளர்ப்புப் பிராணிக் கடைக்காரர் சிவப்பு பல்பைக் காட்டினார். அது சூட்டுக்கு மட்டும். ஊதா பல்பைக் காட்டினார். அது பார்க்கத்தான் அழகு. மருத்துவர் சொன்னபடி, எலும்புக்கான கதிரைத் தரும் யூ.வி.பி. என்று எழுதியிருந்த குழல்விளக்கையே இவர் கேட்டு வாங்கினார். ஓணான் உட்காரும் கட்டைக்கு ஓரடி உயரத்தில் மாட்டினார். நடுவில் கண்ணாடி கூடாதென்று மூடியைக் கழற்றிவிட்டு வலை போட்டார். கால்சியம் பொடியும் தவறாமல் கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை தேறவில்லை. ஒரு காலை, விளக்கைத் துடைக்கப்போன மனைவியின் நகத்தில் ஏதோ பிரிந்து வந்தது. நிறமில்லாத ஃபிலிம்.

"இது என்னங்க?"

அவர் குனிந்து பார்த்தார். ஒட்டியது அவருக்கே நினைவில்லை. மாட்டுவதற்கு முன் குழலைத் துடைத்திருக்கிறார். துடைத்த கண்ணாடியைக் கண்டால் அவர் கை சொன்ன பேச்சு கேட்காது.

"வளைவுல ஒட்டுறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா," என்றார் மெதுவாக.

"பிரிங்க."

பிரித்தார். பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை மெல்லத் தேறினார். ஒருநாள் கீரை வைக்கப்போனவரின் விரலை ரத்தம் வரக் கடித்தார். மனைவி மருந்து போட்டாள். கட்டுப்போட மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் விரலை நீட்டினார்.

"பாருங்க, என்னமா கடிச்சிருக்கார்!"