கூப்பிட்டது கேட்காதவர்கள்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் லிங்கராஜபுரத்தில் இருந்தோம். இரண்டாம் வகுப்புப் படித்த என் மகளை அவளுடைய டீச்சர் மக்கு என்று முடிவு கட்டிவிட்டார். "சொன்னதைச் செய்யவே மாட்டேங்கிறா சார். பாஸ் போட முடியாது, வேற ஸ்கூல் பாத்துக்கோங்க."

டீச்சருக்கு மெல்லிய குரல். அவர் சொன்னதை என் மனைவிதான் எனக்குத் திருப்பிச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டில் மகள் படு சுட்டி, கூப்பிட்டால் ஓடி வருவாள் என்றேன். "அப்ப இங்க மட்டும் நடிக்கிறாளா?" என்று டீச்சர் கேட்டார். ஏழு வயதுக் குழந்தை நடிக்கிறதாம்!

அவளுக்கு அடிக்கடி காதில் சீழ் வரும். எதற்கும் காட்டிவிடலாம் என்று மனைவி சொன்னதால் பெரிய ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவுக்கு மகளைக் கூட்டிப்போனேன். காது கேட்காதவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அங்கே போனால் ஆட்டோ ஓட்டுகிறவர், கார்மென்ட்ஸ் பெண்கள், கைக்குழந்தைக்காரி, காலேஜ் பையன் என்று உட்கார இடமில்லை. இந்த ஊரில் இத்தனை பேரா! கதவருகே ஓர் ஆள் குனிந்த தலை நிமிராமல் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தான்.

காலையில் உட்கார்ந்தோம். மதியம் அவன் கதவைச் சாத்தப் போனபோதுதான் எழுந்து ஓடினேன். பெயரைச் சொன்னதும் என் முகத்துக்கு நேரே கன்னடத்தில் கத்தினான்: "ஆகலே கூக்தே. கிவி கேள்ஸல்வா?" அப்போதே கூப்பிட்டானாம். காது கேட்காதா என்கிறான்!

எனக்கு ரத்தம் கொதித்தது. காது கேட்கவில்லை என்றுதானே ஐயா உன் வாசலில் வந்து கிடக்கிறோம்? திரும்பிப் பார்த்தேன். காலையில் பார்த்த முகங்களில் பாதி அப்படியே உட்கார்ந்திருந்தன. ஒவ்வொருவர் தோளாகத் தட்டினேன். "எந்திரிங்க, எல்லாரையும் கூப்பிட்டாச்சாம்!" மொத்தக் கூட்டமும் கதவை நெருக்கியது. உள்ளிருந்து டாக்டரம்மாவே வெளியே வந்துவிட்டார்.

மகளைச் சோதித்துவிட்டு, இரண்டு காதிலும் பாதிக்கு மேல் கேட்கவில்லை என்றார். "வீட்ல நல்லாத்தானே கேக்குது!" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "நீங்க எப்பவும் இவ்வளவு சத்தமாத்தான் பேசுவீங்களா?"

ஆமாம், நான் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் மெஷினில் தகடு வெட்டுகிறவன். நாள் முழுக்க இடி மாதிரி சத்தம். காதுக்கு வைத்துக்கொள்ள ஏதாவது கேட்டால், பஞ்சு வச்சுக்கோ என்று சூப்பர்வைசர் சிரிப்பார். நான் கத்துவேன், எனக்காக மனைவியும் கத்துவாள். அந்தக் கத்தல் மகளுக்குக் கேட்டது. கம்பெனிப் பாவிகள் என் காதைத் தின்றதோடு நிற்கவில்லை, என் மகளின் குறையையும் என் கண்ணிலிருந்து மறைத்துவிட்டார்கள்.

மறுநாள் டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததை டீச்சரிடம் நீட்டினேன். படித்துவிட்டு ஏதோ முணுமுணுத்தார். நான் விழித்தேன்.

"அப்பாவுக்கும் சத்தமா சொல்லணும் மிஸ்" என்றாள் மகள்.

"முதல் பெஞ்ச்ல உக்கார வைக்கிறேன்!" என்று டீச்சர் கத்தினார். கணீரென்ற குரல், வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். அந்தக் குரலை என் மகளிடம் ஒரே ஒரு நாளாவது எடுத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.