கண் திறக்கிற வேலை

சிதம்பரம் மேலவீதிப் பக்கம் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில், செத்துப்போனவர்களுக்குக் கண் திறப்பது என் பொறுப்பு. கேட்க விபரீதமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். உயிரோடு இருந்தவரை ஒரு போட்டோகூட எடுத்திருக்க மாட்டார்கள். மூச்சு நின்ற பிறகு நாற்காலியில் சாய்த்துவைத்து, தாடையில் கட்டோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்து, "கண்ணு மட்டும் தொறந்து குடுத்துடுங்கக்கா" என்பார்கள். கட்டை அழித்து, மூடிய இமையின் மேல் திறந்த கண்ணை வரைவேன். மாலை, பொட்டு, பின்னால் நீல வானம் எல்லாம் முதலாளி ரெடிமேடாக வைத்திருந்தார். கண்ணை அப்படி வைத்துக்கொள்ள முடியாது.

கடலூரில் ஆறு மாதம் ஃபோட்டோஷாப் படித்துவிட்டு 2006-இல் அங்கே சேர்ந்தேன். இரண்டே வருஷத்தில் புவனகிரி, பெண்ணாடம் வரைக்கும் பேர் பரவிவிட்டது. அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைப்பானேன்? வெள்ளை விழியை வெள்ளையாக அடிக்கிறவன் மடையன். அதில் கொஞ்சம் மஞ்சள், ஓரத்தில் துளி சிவப்பு வேண்டும். மேல் இமையின் நிழல் கருவிழிமேல் விழ வேண்டும். கீழ் இமையின் விளிம்பில் ஈரம் தெரிய வேண்டும். அந்த ஈரம் இல்லாவிட்டால் எத்தனை அழகான கண்ணும் பொம்மைக் கண்தான். இதையெல்லாம் வெறும் மவுஸை வைத்துக்கொண்டு செய்தேன். கண் எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரமே இல்லையென்றால் பிள்ளைகளின் கண்ணையோ கூடப்பிறந்தவர்களின் கண்ணையோ கிட்டத்தில் படமெடுத்து வரச் சொல்வேன்.

2009 ஐப்பசியில் ஒருவன் பென் டிரைவோடு வந்தான். புவனகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். முப்பது வயது இருக்கும். திறந்தால், கட்டிலில் ஒரு பெரியவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். வழக்கம்போல முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். மேலுதட்டில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. இன்னும் பெரிதாக்கினேன். வியர்வை. மூன்று வருஷமாகப் பிணங்களின் முகத்தையே உற்றுப் பார்த்தவள் நான். பிணத்துக்கு வியர்க்காது.

"தம்பி, இவரு..."

"இருக்காருக்கா" என்றான், தலையைத் தூக்காமல். "ஆஸ்பத்திரில பத்து நாள் தாங்கறதே ஜாஸ்தின்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவருக்கு எதுவும் தெரியாது. வெறும் காமாலைன்னு சொல்லி வெச்சிருக்கோம். தை பொறந்ததும் கரும்பு வெட்டணும்னு ஆளுங்கள விசாரிச்சிக்கிட்டு இருக்காரு. கடைசி வரைக்கும் தெரியாமலே போயிடணும். அதான் தூங்கறப்ப எடுத்தேன். அன்னிக்கி இதுக்கெல்லாம் யாரு ஓடறது?"

கோபம்தான் வந்தது. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு மாலை போட வந்திருக்கிறானே என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்த்தேன். அப்பனுடைய புருவமும் கண்குழியும் அச்சாக அவனுக்கு இருந்தன. அவனை நிற்கவைத்து இரண்டு படம் எடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

நான் செய்யவில்லை. சொந்தக் கண்ணே இருக்கும்போது இரவல் கண் எதற்கு என்று என் புத்தி போயிற்று. "முழிச்சிருக்கறப்ப கண்ண மட்டும் கிட்டப் போயி எடுத்துட்டு வாங்க. ஏதாச்சும் சாக்கு சொல்லுங்க."

"கண்டுபுடிச்சிடுவாருக்கா. பயமா இருக்கு."

"போட்டோ எடுத்தா உசுரா போயிடும்?"

முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "வேணாம்மா. அந்தத் தம்பி கண்ண வெச்சே முடிச்சிடு" என்றார்.

"அப்ப நீங்களே முடிச்சிக்கோங்க" என்று மவுஸைத் தள்ளிவிட்டேன். கண் விஷயத்தில் என்னிடம் வாய் கொடுத்தால் கடித்துக் குதறுவேன் என்று அவருக்குத் தெரியும். உள்ளே போய்விட்டார்.

மூன்று நாள் அவன் வரவில்லை. மழை விட்டு விட்டுப் பெய்தது. கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரைப் போடும்போதும் அந்த மூடிய கண்தான் முதலில் வந்து நின்றது. வேறு வேலையைத் திறந்து அதை மறைத்துக்கொள்வேன். அவன் வராமலே இருந்துவிட்டால் தேவலை என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

நாலாம் நாள் வந்தான். படத்தைத் திறந்ததும் என் பயமெல்லாம் பறந்துவிட்டது, வெட்கக்கேடுதான். அப்படி ஒரு படம் அது. இடது பக்கத்திலிருந்து சாய்வாக விழுகிற ஜன்னல் வெளிச்சம், இமையின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக. மற்றவர்களிடம் ஜன்னல், வெளிச்சம் என்று வாய் வலிக்கச் சொல்வேன், ஒருவரும் கேட்டதில்லை. இவனிடம் அந்த அவசரத்தில் சொல்லவே மறந்துபோயிருந்தேன்.

"அருமையா எடுத்திருக்கீங்களே தம்பி. யாரு சொல்லிக் குடுத்தது?"

"அவருதான்" என்றான்.

"யாரு?"

"அப்பா. புது கேமரா, சும்மா எடுத்துப் பாக்கறேன்னுதான் சொன்னேன். கண்ணுகிட்ட கொண்டு போனேன். என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்பறம் மெதுவா எழுந்து ஜன்னல் பக்கம் போயி உக்காந்தாரு. வெளிச்சம் எடப்பக்கம் வரணும்னாரு." கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னான். "எங்கம்மா படமும் இங்கதான் போட்டது. மூணு வருஷம் ஆச்சு. அப்ப என் தங்கச்சி கண்ண எடுக்கச் சொன்னீங்களாம். அப்பாதான் வந்து கேட்டுட்டுப் போயி எடுத்தாரு. அது மறக்கலக்கா அவருக்கு."

எனக்கு அந்தப் பெரியவரை ஞாபகமே இல்லை. எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். முதலாளி அங்கேதான் நின்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கரும்பப் பத்தி இப்பல்லாம் பேசறதில்ல" என்றான் அவன். "மருந்தும் வேணாங்கறாரு."

"நான் இத வரையமாட்டேன் தம்பி. என்னால முடியாது."

"வரைஞ்சிடுங்கக்கா. முடிச்சதும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காரு. சரியா இருக்கான்னு பாக்கணுமாம்."

வரைந்தேன். இரண்டு நாள் ஆயிற்று. பாவம் தீர்க்கிற மாதிரி பார்த்துப் பார்த்து வரைந்தேன். சின்னப் பிரிண்ட் ஒன்று போட்டு அவன் கையில் கொடுத்தனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது. இடது இமை கொஞ்சம் தொங்குமாம், நான் தூக்கிவிட்டேனாம். அழகாக இருக்கட்டுமே என்று இரண்டையும் சமமாக்கியிருந்தேன், நிஜம்தான். எதிரே அவன் நிற்க, இமையைத் தாழ்த்தினேன். அது தாழத் தாழ அந்த முகம் என்னை நேராகப் பார்க்க ஆரம்பித்தது. இன்னொரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் பெரிய படத்துக்கு அளவு சொல்ல வந்தான். தலை மொட்டையாக இருந்தது, மீசையும் இல்லை.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "சரி பண்ணத அவரு பாத்தாரா தம்பி?"

"பாத்தாருக்கா. ரொம்ப நேரம் கையில வெச்சிக்கிட்டு இருந்தாரு. 'இப்ப நான்தான்'னாரு."