பொன்னில் ஒரு சீமைக்கருவேலம்

என் சினேகிதி செய்த வெள்ளி நண்டுப் பதக்கத்தை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது, எல்லாரையும் போல நானும் அதன் முதுகைத்தான் பார்த்தேன். தங்கச்சிமடத்தில் அவள் வீட்டுக்கு வந்திருந்த அவள் சித்தப்பா, ஆயுசு முழுக்கக் கடலுக்குப் போனவர், வாங்கியதும் புரட்டி வயிற்றைப் பார்த்தார். "பொட்ட நண்டு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பதக்கத்தின் அடிப்பக்கம் யார் கண்ணிலும் படாது. அங்கும் வயிற்று மடிப்பைப் பெண் நண்டுக்கு உள்ளபடி அகலமாகச் செதுக்கியிருந்தாள். அவர் போன பிறகு அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தை, கல்லூரியில் பரிசு வாங்கியபோதுகூட நான் பார்த்ததில்லை.

ராமநாதபுரத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். படிப்பு முடிந்து நான் பரமக்குடியில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் ஒரு பத்தரிடம் நகைவேலை பழகி, வீட்டு முன்னறையிலேயே பட்டறை போட்டாள். மெழுகில் உருவம் செய்து, பிறகு அதை வெள்ளியிலோ தங்கத்திலோ வார்ப்பாள். கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடி இலை, தாழம்பழம், சங்குக்குள் குடியிருக்கும் நண்டு, எதுவானாலும் போனில் படம் பார்த்துச் செய்ய மாட்டாள். வெளியூரிலிருந்தெல்லாம் ஆர்டர் வரும் இந்தக் காலத்திலும் அப்படித்தான். அது இருக்கும் இடத்துக்கே போய் உட்கார வேண்டும். ஒரு கொடி இலைக்காக அரைநாள் வெயிலில் மணலில் கிடந்தவளை, "ஒனக்குக் கிறுக்கு முத்திருச்சு புள்ள" என்று திட்டியிருக்கிறேன். "இலை எங்கயும் போகாது, அது மேல விழுற வெளிச்சம் போயிரும்ல" என்றாள். இப்படி ஒரு பிடிவாதக்காரியை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அது என் தலையில் வந்து விடியும்வரை.

அம்மா இறந்தபோது ஒரே ஒரு தங்கச் சங்கிலியை விட்டுப் போனாள். அது யாருக்கு என்பதில் எனக்கும் அக்காவுக்கும் வாய்ச்சண்டை முற்றி, ஒரு வருசமாகப் பேச்சே இல்லை. கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வோம். கடைசியில் அக்கா வீட்டுக்காரர் நடுவில் பேசி, அதை உருக்கி ஆளுக்கொரு மெல்லிய சங்கிலியும் பதக்கமுமாகச் செய்வதென்று முடிவானது. என் சினேகிதியிடம் கொடுக்கலாம் என்றது நான். அக்கா அவர் மூலம் சொல்லியனுப்பினாள்: "பாத்தா அம்மா நெனப்பு வரணும். அவ சினேகிதி சொதப்புனா, அவளுக்கும் எனக்கும் அத்தோட சரி." அவள் என்று சொன்னது என்னைத்தான்.

நான் மல்லிகைப்பூ செய்யச் சொன்னேன். சினேகிதி எங்கள் ஊரான சிக்கலுக்கு வந்து, எங்கள் வீட்டையும் வயலையும் சுற்றினாள். கண்மாய்க்கரையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து இருவருமாக அக்கா வீட்டுக்குப் போனோம். சினேகிதி டப்பாவைத் திறந்தாள். இரண்டு பதக்கங்கள். பொடிப்பொடி இலைகள், நீளமான பூங்கொத்து, கணுவில் இரட்டை முள். சீமைக்கருவேலம். அந்த மரம் அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் கடற்கரைக்காரிக்கு அது வெறும் விறகு. எங்களுக்கோ வயலைத் தின்ற மரம். எங்கள் ஊரில் அதைத் திட்டாமல் பேர் சொன்னவர் கிடையாது.

"இந்த எழவெடுத்த மரத்தையா எங்கம்மா தங்கத்துல செஞ்ச?" என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

சினேகிதி மழுப்பவில்லை. "மல்லி அங்கன ஒரு வீட்டுலயும் இல்லக்கா. இந்த மரத்துலதான் தேனீ மொய்ச்சுச்சு. கிட்டக்க போயிப் பாத்தேன், பூவு அம்புட்டு அழகா இருந்துச்சு. ஒங்களுக்கு ஆகுமான்னு ஒரு வார்த்த கேக்காம செஞ்சது எந் தப்புதான். குடுங்க, உருக்கி வேற செஞ்சு தாரேன்."

கை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை. பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முள்ளின் நுனியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"கரிமூட்டம்" என்றாள்.

எங்களைப் பெற்ற அய்யா இறந்தபிறகு நிலம் தரிசாகக் கிடந்த வருசங்களில், அம்மா அந்த மரத்தைத்தான் வெட்டி அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டுக் கரியாக்கினாள். திட்டிக்கொண்டேதான் வெட்டுவாள். கையில் முள் தைக்காத நாள் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் படித்தது அந்தக் கரி விற்ற காசில்தான். அதை மறந்துவிட்டு மல்லிகைப்பூ கேட்டவள் நான். அம்மா பூ வைத்து எத்தனை வருசம் ஆகியிருந்தது என்பதுகூட எனக்கு நினைவில்லை. அன்றைக்குப் பட்ட வெட்கம் கொஞ்சமல்ல. எங்கள் ஊரை அறியாத ஒருத்தி, எங்கள் அம்மாவின் கண்முன் தினமும் நின்றதை ஒரே பகலில் பார்த்துவிட்டிருந்தாள்.

அக்காவின் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை. சங்கிலியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கொண்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஏடி, கொக்கிய மாட்டி விடு."

ஒரு வருசத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான். கொக்கியை இரண்டு முறை தவறவிட்டேன்.

"வெரசா மாட்டுடி" என்றாள், திரும்பாமலே. "பெறகு ஒனக்கு நான் மாட்டி விடணும்ல."