இடுப்பு வலியும் எங்கள் ஆங்கிலமும்

என் மச்சான் பால்கனியில் நின்று அந்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்திருந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வைரத்துக்கு விலை சொல்லப் போகிறவனைப் போலப் பார்த்தான். இன்சூரன்ஸ் ஏஜெண்டான அவனுக்கு எலும்புகளோடு இருந்த பரிச்சயம் பிரியாணித் தட்டில் ஏற்பட்டது மட்டுமே. "ஒண்ணும் தெரியலையே மாமா" என்றான். தலைகீழாகப் பிடித்திருக்கிறாய் என்றேன். திருப்பிப் பிடித்தான். "இப்பவும் ஒண்ணும் தெரியல." இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. படத்துக்குச் சொந்தக்காரி, ஏழு வயதான என் மகள், உள்ளே சோபாவில் காலை நீட்டிக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்தை அவள் மிகவும் குறைத்து வைத்திருந்தாள். அதை நான் அன்று கவனித்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் பள்ளி வேனிலிருந்து இறங்கும்போது நொண்டினாள். விழுந்தாயா? இல்லை. யாராவது தள்ளினார்களா? இல்லை. முதலில் முழங்கால் என்றாள், அப்புறம் தொடை, அப்புறம் இடுப்பைக் காட்டினாள். வலி எங்கே என்று சொல்லத் தெரியவில்லை என்பதற்காக நாங்கள் அவளையே சந்தேகமாகப் பார்த்தோம். இரும்புலியூரில் எங்கள் தெருக்கோடி டாக்டர் "வளர்ற வயசு சார், கால் வலிக்கத்தான் செய்யும்" என்று சிரப் எழுதித் தந்தார். அவளுக்குப் பதிலாக வலி வளர்ந்தது. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி. எக்ஸ்ரேயும், மச்சான் சொன்னதுபோல, சரி. தாம்பரத்தில் எலும்பு டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, காலை வெளிப்பக்கமாக மெல்லத் திருப்பினார். ஓரளவுக்கு மேல் கால் திரும்பவில்லை. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "படத்துல ஒண்ணும் இல்ல. ஆனா ஏதோ இருக்கு. எம்ஆர்ஐ எடுத்துப் பாத்துடுவோம்" என்றார். அந்த 'ஏதோ'வைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

நான் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிப் பேர் வாங்க முயன்றுகொண்டிருப்பவன். நிறையப் படிப்பவன் என்ற பேர் மட்டும் ஏற்கெனவே இருந்தது. படிக்கிற பழக்கம் மனிதனைக் காப்பாற்றும் என்று மேடைகளில்கூடப் பேசியிருக்கிறேன். ஸ்கேனுக்கு நாள் கிடைக்கும்வரை நான் படித்ததெல்லாம் குழந்தைகளுக்கு இடுப்பில் வரக்கூடிய நோய்களைப் பற்றித்தான். அவற்றில் பல தானாகவே சரியாகிவிடுபவை. அந்த வரிகளையெல்லாம் வேகமாகத் தாண்டிப்போய், சரியாகாதவற்றின் எதிரே நின்றுவிடுவேன். அந்த வாரம் ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை தரவேண்டியிருந்தது. அடுக்குமாடிச் சங்கத் தேர்தலைக் கிண்டல் செய்து எழுதி அனுப்பினேன். நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று ஒரு வாசகர் கூப்பிட்டுச் சொன்னார்.

நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. போனில் விசாரித்த உறவினர்கள் "அதுவா இருக்காது" என்றார்கள். எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நானும் மனைவியும் மட்டும் அதைப் பெயர் சொல்லிப் பேசினோம், ஆங்கிலத்தில். என் அப்பா அம்மா அப்படித்தான் பேசுவார்கள். கடன், மாமாவின் குடி, பக்கத்து வீட்டுக் கல்யாணம் நின்றுபோனது எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழ் மீடியத்தில் படித்த நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். குழந்தைகள் முன்னால் ரகசியம் பேச அதுதான் வழி என்று எனக்குள் பதிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில், மகளுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, பயாப்ஸி பற்றியும் கீமோதெரபி பற்றியும் நல்ல உச்சரிப்போடு பேசினோம்.

ஸ்கேன் சென்டர் மேடவாக்கத்தில். டாக்ஸியில் நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் மனைவி, அவள் மடியில் மகளின் கால். கேம்ப் ரோடு தாண்டியதும் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். அதன் வாலிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே போனது. மனைவி ஆங்கிலத்தில், ஒருவேளை ட்யூமராக இருந்தால் காலைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டாள். நானும் ஆங்கிலத்தில், இப்போது அதைப் பேச வேண்டாம் என்றேன்.

"கால வெட்டிருவாங்களாப்பா?" என்றாள் மகள், தமிழில்.

எல்கேஜியிலிருந்து ஆங்கிலத்தில் படிக்கிறவள். அவள் அதில் சரளமாகப் பேச வேண்டும் என்று எங்கள் சக்தியை மீறி ஒரு பள்ளியில் சேர்த்திருந்தோம். அந்தப் பள்ளி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி.

"டெய்லி பேசறீங்கல்ல."

"எங்ககிட்ட கேட்டிருக்கலாமே கண்ணு."

"சீக்ரெட்னு தானே இங்கிலீஷ்ல பேசறீங்க. கேட்டா திட்டுவீங்க."

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "பாப்பா கேக்குதுல்ல சார். இன்னான்னு சொல்லு" என்றார்.

"தெரியலம்மா" என்றேன். அத்தனை நாளில் அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். "அதைப் பாக்கத்தான் போறோம்."

"வெட்டினா திரும்ப வளருமா?"

"வளராது."

"அப்ப வெட்டாதீங்கன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

"நீங்க சொல்லுவீங்களா, அம்மா சொல்லுவாங்களா?"

அம்மாவே சொல்லட்டும் என்று அவளாகவே முடிவு செய்தாள். தைரிய விஷயத்தில் என்னைப் பற்றி அவளுக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது.

ஸ்கேன் அறைக்குள் கூட ஒருவர் இருக்கலாம் என்றார்கள். பெல்ட், மோதிரம், சாவி எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டு நான் போனேன். குழாய்க்குள் அவள் போய்விட, வெளியே தெரிந்த கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டேன். தெருவைத் தோண்டுவது போல இயந்திரம் இரையத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. ஸ்பீக்கரில் குரல் வந்தது: "சார், பாப்பா ஆடாமதான் இருக்கு. நீங்கதான் ஆடறீங்க. கைய எடுத்துடுங்க." எடுத்தேன். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

மறுநாள் டாக்டரம்மா திரையில் படங்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் வாய் தானாக ஆங்கிலத்தில் திறந்தது. "தமிழ்லயே கேளுங்க. அவளும் கேக்கட்டும்" என்றாள் மனைவி. எனக்கு முன்னால் மகளே கேட்டுவிட்டாள்: "ட்யூமரா டாக்டர்?"

"இல்லடா. யாரு உனக்கு அதெல்லாம் சொன்னது?"

மகள் கையை நீட்டி எங்கள் இருவரையும் காட்டிக் கொடுத்தாள்.

டாக்டரம்மா அவளிடமே விளக்கினார். தொடை எலும்பின் உச்சியில் பந்து மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு ரத்தம் சரியாகப் போகவில்லை, மெத்தென்று ஆகிவிட்டது. திரும்பக் கெட்டிப்படும், ஆனால் நாளாகும். அதுவரை ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, கைத்தடி வைத்துத்தான் நடக்க வேண்டும். நோய்க்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். நான் அதைப் படித்திருந்தேன், வேகமாகத் தாண்டிப்போன வரிகளில். ஓடக்கூடாது என்றதும் மகள் அழத் தொடங்கினாள். விளையாட்டு விழாவுக்குப் பேர் கொடுத்திருந்தாளாம். அவள் அழ அழ நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்படிப்பட்ட பெற்றோரை டாக்டரம்மா அதற்கு முன் பார்த்திருப்பாரா தெரியவில்லை.

கைத்தடிக் காலம் நீண்டது. ஒவ்வொரு எக்ஸ்ரேக்கு முன்பும் எனக்குப் பயமாக இருக்கும். அதைத் தமிழிலேயே சொல்லிவிடுவேன். "எனக்கும்தான்" என்பாள். இப்போது காட்டாங்குளத்தூரில் கல்லூரிக்குப் போகிறாள். கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவளும் சொல்கிறாள், படங்களும் சொல்கின்றன. என் காது மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. சாயங்காலம் அவள் படியேறி வரும் சத்தம் கேட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவேன். இடது கால், வலது கால், இரண்டும் ஒரே கனத்தில் விழுகின்றனவா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். நேற்று கடைசிப் படிகளில் ஏதோ ஒன்று தப்பியதுபோல் இருந்தது. அவள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், தயிர் வாங்கணுமே, கீழே போய் வந்துவிடேன் என்றேன்.

"ஃப்ரிட்ஜ்ல ரெண்டு பாக்கெட் இருக்குப்பா."

"பத்தாது."

பையை வைத்துவிட்டு இறங்கிப் போனாள். திரும்பி வரும்போது, நான் கேட்கவேண்டும் என்பதற்காகவே, ஒவ்வொரு படியிலும் அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டு ஏறினாள்.