சீப்பில் இருந்த முடி

மகளின் சீப்பில் சுருண்டு கிடந்த முடியை இன்று எடுத்துப் போடும்போது, வெள்ளைக்காரன் போன வருஷத்தில், கரிப்புகை படிந்த ராயபுரத்துச் சந்தில் நடந்துபோன அம்மா நினைவுக்கு வந்தாள்.

துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா திருவொற்றியூரில் இன்னொருத்தியோடு இருக்கிறார் என்று தெரிந்தபின், கப்பல் சங்கு ஊதும்போதெல்லாம் வாசலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அவள் ஒரு மந்திரவாதியிடம் போனாள்.

"செய்வினை அவமேலயே போய் நிக்கணும்னா அவ தலைமுடி வோணும்மா," என்றார் அவர்.

கருவாடு காயும் மணல்வழியே என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனபோது, அந்தப் பெண் காய்ச்சலில் பாயில் கிடந்தாள். மாடத்திலிருந்த சீப்பிலிருந்து அம்மா முடியை உருவியதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள், தடுக்கவில்லை.

"அவரு இங்க வந்து ரெண்டு மாசமாவுதுக்கா. உங்க வூட்ல கீறாருன்னு நெனச்சிகினு இருந்தேன்."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, முடியைச் சீப்பின் பக்கத்திலேயே வைத்தாள்.

"மந்திரவாதி கேட்டா இன்னாம்மா சொல்லுவ?" என்றேன் வழியில்.

"யாருக்கு வெக்கறதுன்னு தெர்லன்னு சொல்லிக்கலாம்."

அப்பா எந்த வீட்டுக்கும் திரும்பவில்லை. அந்தப் பெண்தான் எப்போதாவது வருவாள். அவள் உட்கார அம்மா பாயை விரித்துப்போடுவாள்.